பாட்டியின் அம்மா பிறந்த ஊர்: ஸ்லோவாக்கியாவில் ஒரு தேடல்

"ஸ்லோவாக்கியாவா? அது எங்கே இருக்கு? ரஷ்யா பக்கமா?" நான் கிளம்புகிறேன் என்றதும் எங்கள் காலனியில் இப்படிக் கேட்காதவர்களே இல்லை. போலந்து, உக்ரைன், ஹங்கேரி, ஆஸ்திரியா, செக் ஆகிய ஐந்து நாடுகளுக்கு நடுவில், கடலே எட்டிப் பார்க்காத சின்ன நாடு அது. மக்கள்தொகை சுமார் 54 லட்சம்தான். நாம் பள்ளிக்கூடத்தில் செக்கோஸ்லோவாக்கியா என்று மனப்பாடம் செய்தோமே, அது 1993 ஜனவரி 1-ஆம் தேதி இரண்டாகப் பிரிந்தபோது தனி நாடான கிழக்குப் பாதிதான் ஸ்லோவாக்கியா.

எனக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? எல்லாம் சம்பந்தி உறவுதான்! என் தம்பி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் இருக்கிறான். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்ணை 2016-ல் கல்யாணம் செய்துகொண்டான். பென் ஹில்ஸில் 1970-களிலேயே நம்மவர்கள் கட்டிய வெங்கடேஸ்வரர் கோயிலில்தான் தாலி கட்டினான். கல்யாணத்துக்கு வந்திருந்தார் பெண்ணின் பாட்டி. வீட்டில் எல்லோரும் அவரை 'பாபா' என்கிறார்கள். சாய்பாபாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பேச்சில் பாபா என்றால் பாட்டி.

அந்தப் பாபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் ஊர் எது? உன் அம்மா பிறந்த ஊர் எது?" என்று விசாரித்தார். நான் இரண்டையும் சொன்னேன். "கொடுத்து வைத்தவள் நீ. என் அம்மா பிறந்த ஊர்ப் பேர் எனக்குத் தெரியாது" என்றார். கல்யாண வீட்டில் நின்றுகொண்டு அவர் சொன்ன விதம் என் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

பாபாவின் அம்மா 1912-ல், பதினேழாவது வயதில், ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்தில் கப்பல் ஏறித் தன்னந்தனியாக அமெரிக்கா வந்தவர். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து மலைக் கிராமங்களில் நிலம் பிள்ளைகளுக்குள் பங்கு போட்டுப் போட்டு வேட்டி அகலத்துக்கு ஆகிவிட்டதாம். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கமும் பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலையும் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டன. முதல் உலகப் போருக்கு முந்தைய முப்பது, நாற்பது ஆண்டுகளில் லட்சக்கணக்கான ஸ்லோவாக் மக்கள் இப்படி ஊரை விட்டுப் போனார்கள்.

ஆண்கள் ஆலைக்குப் போனார்கள், சரி. பெண்கள்? வீட்டிலேயே இருந்தார்கள் என்று நாம் லேசாகச் சொல்லிவிடுவோம். இரண்டு அறை வீட்டில் கணவனும் குழந்தைகளும் போதாதென்று, ஊரிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளிகளையும் குடிவைத்து, அத்தனை பேருக்கும் சமைத்து, கரி படிந்த துணிகளைத் துவைத்துப் போட்டுக் காசு சேர்த்தவர்கள் அவர்கள். பகல் ஷிப்ட் ஆள் எழுந்த படுக்கையில் ராத்திரி ஷிப்ட் ஆள் வந்து படுப்பானாம்! பாபாவின் அம்மாவும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்.

அவர் கிளம்பியபோது அவருடைய தாயாருக்குச் சம்மதம் இல்லை. கைம்பெண், மூத்த பெண்ணையும் அனுப்பிவிட்டால் துணைக்குச் சின்னப் பையன் ஒருவன்தான். "போகாதே" என்றார். பெண் கேட்கவில்லை. முதல் இரண்டு வருஷம் எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து எழுதிய கடிதம் வந்ததாம். பிறகு நின்றுவிட்டது. பெண் எழுதிக்கொண்டே இருந்தார், பதிலே இல்லை. கல்யாணமாகிச் சேர்ந்த இடத்தில் கணவரின் ஊர்க்காரர்கள்தான் இருந்தார்கள். தன் ஊர்ச் சேதி சொல்ல ஆளில்லை. "என் அம்மா கடைசி வரை என்னை மன்னிக்கவே இல்லை" என்று சொல்லிச் சொல்லியே 1966-ல் கண்ணை மூடினார். ஊரைப் பற்றிக் கேட்டால் 'ஸ்டாரி க்ராய்', அதாவது 'பழைய நாடு' என்பதற்கு மேல் பேசமாட்டாராம்.

அம்மாவின் அந்த மனக்குறையைப் பாபாவும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார். எனவே தம்பி மனைவி தேட ஆரம்பித்தாள். குழந்தை தூங்கிய பிறகு தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் என்று இரண்டு வருஷம்! அவள் தேடிய வழியைச் சொன்னால் உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

முதல் முட்டுக்கட்டை, தேடியது ஒரு பெண்ணை என்பதே. அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பங்களில் 1906-க்குப் பிறகு பிறந்த ஊரை எழுதச் சொன்னார்கள். ஆனால் 1922 வரை மணமான பெண்ணுக்குத் தனி விண்ணப்பம் கிடையாது. புருஷன் அமெரிக்கக் குடிமகன் ஆனால் மனைவியும் ஆனமாதிரிதான். எனவே கணவரின் ஊர் காகிதத்தில் இருந்தது, மனைவியின் ஊர் இல்லை. மக்கள்தொகைக் கணக்குகளில் ஒரு முறை ஹங்கேரி என்றும், இன்னொரு முறை ஆஸ்திரியா என்றும், பிறகு செக்கோஸ்லோவாக்கியா என்றும் இருந்தது. எதுவும் பொய்யில்லை. 1918 வரை ஸ்லோவாக்கியா ஹங்கேரி ராஜ்யத்தில் இருந்தது. அந்த ராஜ்யம் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பாதி. 1918 அக்டோபரில் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. அவர் பிறந்த வீடு இடம் மாறவில்லை. நாடுதான் மாறிக்கொண்டே இருந்தது.

கை கொடுத்தது பழைய டிரங்குப் பெட்டியில் இருந்த ஒரு சின்னப் புத்தகம். 1892-லேயே கிளீவ்லாந்து நகரத்தில் ஸ்லோவாக் கத்தோலிக்கப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, மாதாமாதம் சிறு தொகை கட்டி, யாராவது இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பாபாவின் அம்மாவும் அதில் உறுப்பினர். அந்தப் புத்தகத்தில் பிறந்த தேதி இருந்தது: 1895 பிப்ரவரி. அதை வைத்துக் கப்பல் பயணிகள் பட்டியலில் அவரைப் பிடித்தாள். 1907-க்குப் பிறகு வந்தவர்களிடம், 'உன் நாட்டில் உனக்கு நெருங்கிய உறவினர் யார், அவர் விலாசம் என்ன' என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அங்கே தாயார் பெயரும் ஊரும் இருந்தன!

ஆனால் ஊர்ப் பெயர் ஹங்கேரிய மொழியில். 1898-ல் ஒரு சட்டம் போட்டு ஊர்ப் பெயர்களையெல்லாம் ஹங்கேரிய மயமாக்கினார்கள். செக்கோஸ்லோவாக்கியா வந்ததும் மறுபடி மாற்றம். பெரிய ஊர்களுக்கே அப்படி: கோஷித்ஸே அன்று 'கஷ்ஷா', பிரெஷோவ் அன்று 'எப்பெர்யெஷ்'. போதாததற்கு ஒரே மாதிரிப் பெயர்கள் வேறு. லிபானி, லிபோவ்ட்ஸே, லிபோவா என்று ஒரே மாகாணத்தில் மூன்று ஊர். நம் பக்கத்தில் புளியங்குடி, புளியம்பட்டி, புளியந்தோப்பு என்று வருவதுபோல, அங்கே 'லிபா' என்ற மரத்தை வைத்து வந்த பெயர்கள்.

ஆள் பெயரும் அப்படியே. ஜான் என்றால் கோயில் பதிவேட்டில் லத்தீனில் யோவான்னெஸ், ஹங்கேரியனில் யானோஷ், ஸ்லோவாக்கில் யான். எலிசபெத் என்ற பெண் எர்ஷேபெட் ஆவாள், அல்ஷ்பெட்டா ஆவாள். இதைத் தெரிந்துகொண்டு தேடினால்தான் ஆள் அகப்படுவார்.

அரசாங்கப் பிறப்புப் பதிவு அங்கே 1895 அக்டோபர் 1-ல்தான் ஆரம்பம். அவர் பிறந்ததோ பிப்ரவரியில். எனவே மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. பழைய பதிவேடுகளைப் படமெடுத்து 'ஃபேமிலி சர்ச்' என்ற இலவச இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடித்தாள். தேதி, வீட்டு எண், குழந்தையின் பெயர், அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே வரியில். முக்கியமாக, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்! அந்தக் கோயில் பதிவேடுகளில் இதை விடாமல் எழுதியிருப்பதால்தான் அம்மாவழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போக முடிகிறது.

"அக்கா, நேர்ல போய்ப் பாக்கணும். பாபாவுக்குத் தொண்ணூத்தி மூணு வயசு. நீங்க வந்தா குழந்தையை விட்டுட்டு நிம்மதியா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குவேன்" என்றாள் தம்பி மனைவி. தம்பி சொல்லிக் கொடுத்த தமிழ்! மறுப்பேனா? 2024 மே கடைசியில் சென்னையிலிருந்து வியன்னா போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஸ்லோவாக்கியா 2007-லிருந்து ஷெங்கன் நாடுகளில் ஒன்று என்பதால் ஒரே விசாவில் வியன்னாவில் இறங்கி உள்ளே போய்விடலாம். செலவுக்கு யூரோ.

வியன்னாவிலிருந்து தலைநகர் பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம். அங்கிருந்து நாட்டின் கிழக்கே கோஷித்ஸேவுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். ஜன்னல் ஓரம் இடது பக்கம் உட்காருங்கள். போப்ராட் ஊர் வரும்போது டாட்ரா மலைகள் பனித் தொப்பியோடு எழுந்து நிற்கும். எங்கள் வாண்டு, "அத்தை, அது யார் கொட்டின மாவு?" என்றானே பார்க்கலாம்! மே கடைசியிலும் எனக்குச் சால்வை தேவைப்பட்டது.

மறுநாள் பிரெஷோவ் அரசு ஆவணக் காப்பகம். முன்கூட்டியே கடிதம் எழுதித் தேதி வாங்கியிருந்தோம். துபாஷியாக ஒரு கல்லூரிப் பெண் உடன் வந்தாள். நானும் குழந்தையும் வாசல் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் கழித்துத் தம்பி மனைவி வெளியே வந்தாள். அழுத கண். பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பாபாவோட பாட்டி 1915 பிப்ரவரியிலேயே செத்துப் போயிட்டாங்க."

இறப்புப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் டைபஸ் காய்ச்சல் என்று இருந்ததாம். 1914 நவம்பரிலிருந்து 1915 மே வரை அந்த மலைப் பக்கம் முழுக்கப் போர்க்களம். ரஷ்யப் படை கார்ப்பேத்திய மலையைத் தாண்டி வந்து பார்டெயோவ் வரை பிடித்துக்கொண்டது. கடுங்குளிரில் வீடுகளில் சிப்பாய்கள், கூடவே தொற்றுநோய். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் சுமார் 200 போர்க் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. சின்னப் பையனும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை.

ஆக, கடிதம் நின்றது கோபத்தால் இல்லை. மகள் வருஷக்கணக்காக எழுதிய கடிதங்களை வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் ஆளே இல்லை! ஐம்பது வருஷம் ஒரு பெண் 'அம்மா மன்னிக்கவில்லை' என்று மறுகியிருக்கிறாள். பதிலோ இந்தக் கட்டடத்தில் ஒரு வரியாக நூறு வருஷத்துக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்த நாள் பார்டெயோவ் வழியாகக் கிராமத்துக்குப் போனோம். பார்டெயோவ் பழைய மதில் சூழ்ந்த நகரம். சதுக்கத்தைச் சுற்றிக் கூம்புக் கூரை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பெரிய கோயிலுக்குள் மரத்தில் செதுக்கிய 11 பழைய பீடங்கள் இருக்கின்றன. 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். பக்கத்தில் ஹெர்வார்ட்டோவ் என்ற கிராமத்தில் 1500-ஐ ஒட்டிக் கட்டிய மரக்கோயில் ஒன்று; உள்ளே சுவர் முழுக்கச் சித்திரம். போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

எங்கள் கிராமத்தின் பெயரை மட்டும் நான் எழுதப் போவதில்லை. நூறு வீடுகூட இல்லாத ஊர். எழுதினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். உருளைக்கிழங்கு வயலும் கோஸ் தோட்டமும் தாண்டி ஒரே தெரு. மின்கம்பத்தின் மேல் நாரைக் கூடு. பழைய வீடுகள் தெருவுக்குக் குறுகிய முகத்தைக் காட்டிக்கொண்டு, பின்னால் அறை அறையாக நீண்டு போகின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்தது போலவே இருந்தது எனக்கு! பதிவேட்டில் இருந்த வீட்டு எண்ணை வைத்து வீட்டைப் பிடிக்க முடியவில்லை. எண்களை எத்தனையோ முறை மாற்றிவிட்டார்களாம்.

ஊர்த் தலைவர் ஒரு பெண்மணி. விஷயத்தைக் கேட்டதும் எங்களை எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருவரிடம் அழைத்துப் போனார். அங்கே வயதான பெண்களைத் 'தெத்தா' என்று கூப்பிடுகிறார்கள். அத்தை என்று அர்த்தம். வாண்டு என்னைப் பார்த்து, அவரைப் பார்த்து, "ரெண்டு அத்தை!" என்று குதித்தான்.

தெத்தாவுக்கும் பாபாவின் பாட்டிக்கும் ஒரே குடும்பப் பெயர். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான். ரத்த உறவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்காக விட்டுவிடுவாரா? 'பிரொஹி' செய்து வைத்திருந்தார். மைதா மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, வெந்நீரில் வேகவைத்து, மேலே வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சைவம் என்றதும், மேலே போட எடுத்த பன்றிக்கொழுப்பு வறுவலைச் சட்டென்று ஒதுக்கிவிட்டார். மொழி தெரியாவிட்டால் என்ன, சமையலறையில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைப் புரியாதா?

பேச்சு கிறிஸ்துமஸுக்குத் திரும்பியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, விருந்துக்கு உட்காரும் முன் வீட்டுத் தலைவி ஒவ்வொருவர் நெற்றியிலும் தேனால் சிலுவைக் குறி இடுவாராம். தம்பி மனைவி துள்ளி எழுந்தாள். "பாபாவும் எங்களுக்கு இதையே செய்வாங்க! ஏன்னு கேட்டா, 'என் அம்மா செஞ்சாங்க'ன்னு மட்டும் சொல்வாங்க!" ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாத அந்தப் பெண்மணி, ஊரின் தேனை மட்டும் மறக்காமல் கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்.

"நாங்க மேஜையில ஒரு தட்டு அதிகமா வைப்போம்" என்றார் தெத்தா. "செத்தவங்களுக்கு, வழிப்போக்கனுக்கு, வர முடியாதவங்களுக்கு. அமெரிக்கா போனவங்களுக்கும் அதுதான்."

பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே கல்லறை இடத்துக்கு வாடகை உண்டு. கட்ட வாரிசு இல்லாவிட்டால் காலப்போக்கில் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். எனவே பாபாவின் பாட்டிக்குக் கல்லறை இல்லை. தம்பி மனைவி முகம் வாடிவிட்டது. தெத்தா அவள் கையைப் பிடித்துத் தோட்டத்தின் நடுவில் இருந்த பெரிய சிலுவையிடம் அழைத்துப் போனார். எங்கேயோ அடக்கமானவர்களுக்கும், இடம் தெரியாதவர்களுக்கும் அதன் அடியில்தான் விளக்கு வைப்பார்களாம். சிவப்புக் கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகு வைத்த 'கஹானெட்ஸ்' என்ற விளக்கு ஒன்றைத் தெத்தாவே கொண்டுவந்திருந்தார். மாலை நேரம், பிட்ஸ்பர்க்கில் காலை. தம்பி செல்போனில் பாபாவைக் கூப்பிட்டுப் படத்தோடு பேசச் செய்தான்.

பேத்தி மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். பாபா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தேதியை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். "பிப்ரவரியா? நல்ல குளிர் காலம்" என்றார். "அப்போ கோபம் இல்லை" என்றார். விளக்கை ஏற்றச் சொன்னார். அணையாமல் நான் புடவைத் தலைப்பால் காற்றை மறைத்துக்கொள்ள, பேத்தி ஏற்றினாள். தன் பாட்டியின் பெயரைப் பாபா தொண்ணூற்று மூன்று வயதில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

இப்படித் தேடுவதற்குச் சொத்து, சுதந்திரம் என்று காரணம் வேண்டியதில்லை. ஆனால் அங்கே சட்டமும் இதை மதிக்கிறது. செக்கோஸ்லோவாக்கியக் குடிமக்களாக இருந்தவர்களின் பிள்ளை, பேரன், கொள்ளுப் பேரன் வரை குடியுரிமை கேட்க வழி செய்யும் மாற்றம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த நாடு பிறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்ட பாபாவின் அம்மா போன்றவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. பாபாவுக்கு அதில் அக்கறையும் இல்லை.

நம் வீடுகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, சகோதரிகளே. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். ஆண்வழியில் தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயர் திதி, தர்ப்பணத்திலாவது வந்துவிடும், பெண்வழிதான் மறைந்துபோகும். பாட்டியின் பெயரோடு அவர் பிறந்த வீடு, ஊர், தாயார் பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். ஊரின் பழைய பெயர், தாலுகா இருந்தால் அதையும் சேருங்கள். பழைய கடித உறை, பத்திரம், கல்யாணப் பத்திரிகை எதையும் குப்பையில் போடாதீர்கள். புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதிவிடுங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போன நம்மவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் இப்படி ஒரு தெருவில் வந்து நிற்பார்கள்.

ஊர் திரும்பியதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு என் மாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். "உங்க அம்மாவோட அம்மா பேர் என்னம்மா? எந்த ஊர்?" என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாற்பது பக்கம் போதாதே, வேற நோட்டு கொண்டு வா" என்றார்.